செருப்பில் ஒட்டிவந்த பால்

நோங் ஹெட்
11 ஆகஸ்ட் 2003

அக்கா,

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? உள்ளே இருப்பது உதைக்கிறதா? உதைத்தால் சித்தி மாதிரி என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் ஊர் தோ லுவாங் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டிலிருந்து எல்லை வரைக்கும் பஸ் ஏறிக்கொண்டே இருந்தது. ஆறு முறை வாந்தி. டிரைவர் லோக் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து, "இன்னும் மிச்சம் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். ஏழாவது முறை அவர் சீட்டுக்குப் பின்னாலேயே எடுத்தேன். அப்புறம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன், கோபம் தணிந்திருந்தால் வந்து சேரும்.

எல்லை தாண்டிய இந்த மலையூர் எனக்குப் பிடிக்கவில்லை. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் அதே மலை. காலையில் கதவைத் திறந்தால் எதிர்க் கடை இருக்காது. பத்து மணிக்குத்தான் பனி விலகும், கடையை யாரோ திருப்பிக் கொண்டுவந்து வைத்தமாதிரி இருக்கும். ஆகஸ்டில் போர்வை கேட்கிறது. பழைய போரில் விழுந்த வெடிகுண்டின் காலிக் கூட்டை இரண்டாகப் பிளந்து, மண் நிரப்பி, வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். சந்தையில் யாரும் கத்துவதில்லை. நம் ஊரில் ஒரு கட்டுக் கீரைக்கு ஆகிற சத்தம் இங்கே ஒரு மாட்டுக்குக்கூட ஆவதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்கள் விலை பேசுகிறார்களா, சும்மா நிற்கிறார்களா என்றே தெரியவில்லை. எனக்குக் காது அரிக்கிறது.

கீ மாமா கடை என்று சொன்னதை நம்பி வந்தேன். கடை என்பது ஒரு மின்ஸ்க் பைக்கும் இரண்டு பக்கக் கூடையும்தான். பிளாஸ்டிக் பேசின், ஊசி, நூல், டார்ச் பேட்டரி, போர்வை. மலை ஊர்களுக்கு ஓட்டிப்போய் விற்க வேண்டும். "ரெண்டு வாரத்துல நீ வண்டி ஓட்டக் கத்துக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவேன்" என்கிறார். நான்கு நாளில் கற்றுக்கொண்டேன். ஒரு கோழி செத்தது.

அத்தான் கப்பலிலிருந்து ஏதாவது எழுதினாரா?

லியூ


தோ லுவாங்
23 ஆகஸ்ட்

அடியே லியூ,

நான் சுகம். கால் மட்டும் வீங்குகிறது. மாமா சுகமா, சளி பிடிக்காமல் இருக்கிறாயா, இஞ்சி போட்டுக் குடிக்கிறாயா?

உன் கடிதத்தை லோக் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தந்தார். "உன் தங்கச்சிக்கு ஒரு தனி வண்டி விடணும்" என்றார். இரண்டு கட்டு எள் அப்பளம் கொடுத்துச் சமாதானம் செய்தேன். உனக்கும் ஒரு கட்டு அனுப்பினேன். உடையாமல் வந்தால் அதிசயம்.

அவரிடமிருந்து கடிதம் இல்லை. தைவான் கப்பல் எப்போது கரைக்கு வரும் என்று ஏஜென்ட்டைக் கேட்டால், மீனைக் கேளுங்கள் என்கிறான். வீட்டில் நானும் அப்பளக் கல்லும்தான்.

சுகாதார நிலையத்து அக்கா நவம்பர் இரண்டு என்று தேதி குறித்திருக்கிறாள். முதல் பிரசவம், கூட யார் இருப்பார்கள் என்று கேட்டாள். என் தங்கை மருத்துவச்சிக்குப் படித்தவள் என்று சொன்னேன். "படிச்சவளா, படிக்கிறவளா?" என்று கேட்டாள். அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அம்மா இருந்திருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன்.

உன் அக்கா
தோவா


நோங் ஹெட்
4 செப்டம்பர்

அக்கா,

கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை, இடது பக்கமாகப் படு. எனக்குச் சளி இல்லை. அப்பளம் தூளாக வந்தது. கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டோம், மாமா அழாத குறை.

தினமும் ஒரு மலை. இந்த மலைகளில் இருக்கிற ம்மொங் ஆட்கள் வீட்டைத் தரையோடு கட்டுகிறார்கள், உள்ளே ஜன்னல் கிடையாது. வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரம் குருடுதான். புகை வேறு. யார் வீட்டில் எத்தனை பேர் என்று இருமலை வைத்துத்தான் எண்ணுகிறேன்.

பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன் இல்லையா? தப்பு. புங் சாங் ஊரில் மீ என்று ஒருத்தி. ஒரு பேசினைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்தாள். நான் விலையைக் குறைத்தேன். பார்த்தாள். இன்னும் குறைத்தேன். பார்த்தாள். கடைசியில் பேசினோடு இரண்டு ஊசியும் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கொழுந்தன் சோங் எல்லைச் சந்தையில் மாடு விற்றுப் பழகியவன், நம் மொழி பேசுவான். "எங்கண்ணி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, நீ அதுக்குள்ள தோத்துட்ட" என்று சிரித்தான்.

நவம்பர் பற்றி அப்புறம் எழுதுகிறேன். மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

லியூ


தோ லுவாங்
20 செப்டம்பர்

லியூ,

நலமா? இங்கே மழை. மூன்று நாளாக அப்பளம் காயவில்லை. குழந்தை தலை கீழே திரும்பிவிட்டது என்கிறார்கள்.

நவம்பர் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றாய். இரண்டு வாரம் ஆகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பிப்ரவரியில் பயிற்சி ஆஸ்பத்திரியிலிருந்து பாதி மதியத்தில் வீட்டுக்கு வந்து நின்றாய். யூனிபாரத்தோடு. "போர் அடிக்குது, இனிமே போகல" என்றாய். நான் நம்பினேன் என்றா நினைக்கிறாய்? தையல் வகுப்பை விட்டபோது திட்டினாய். பேக்கரி வேலையை விட்டபோது முதலாளியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாய். அந்தத் தடவைதான் யாரையும் திட்டாமல் ஒரு வாரம் தூங்கினாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

அக்கா


நோங் ஹெட்
6 அக்டோபர்

அக்கா,

சுகம். போர்தான் அடித்தது. வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 30 வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். போதுமா?

லியூ


தோ லுவாங்
12 அக்டோபர்

போதும் போதும் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். உன் கட்டிலை வெயிலில் போட்டுவிட்டேன்.

அக்கா


நோங் ஹெட்
20 அக்டோபர்

அக்கா,

உடம்பு நலம்தான், மானம்தான் போனது. நேற்று நடந்ததைக் கேள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரி. ரொம்பச் சிரிக்காதே, ஒன்பதாம் மாசம்.

நம் ஊர்ச் சாலையோரத்தில் ஒரு பழைய சைக்கிளில் இலைக்கொத்தைச் செருகி நிறுத்தினால் என்ன அர்த்தம்? விலைக்கு இருக்கிறது. வேலியில் ஒரு கிளையைக் கட்டித் தொங்கவிட்டால்? உள்ளே ஏதோ விற்கிறார்கள். மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

நேற்று மாமா ஊருக்குக் கீழே வண்டிக்குப் பிளக் மாற்றிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பையை மாட்டிக்கொண்டு புங் சாங்குக்குள் நடந்தேன். சோங் வீட்டு வாசலில் பச்சைக் கிளை ஒன்று தொங்கியது. சரி, கோழி விற்கிறார்கள் போல என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். செருப்போடு, பையோடு. உள்ளே கும்மிருட்டு. அடுப்புப் பக்கத்தில் ஒருத்தி படுத்திருந்தாள், அவள் பக்கத்தில் துணி மூட்டைக்குள் ஏதோ நெளிந்தது. பன்றிக்குட்டி என்று நினைத்துவிட்டேன் அக்கா.

"இது எவ்வளவு?" என்று கேட்டேன்.

மூட்டை அழுதது. பிறந்து ஒன்பது நாளான மனிதக்குட்டி. சோங்கின் மனைவி பா சுவா எழுந்து உட்கார்ந்து முழித்தாள். மூலையிலிருந்து மீ போட்ட கத்தல் இருக்கிறதே, இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை என்று எழுதியதை அடித்துவிடு. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. என் செருப்பைக் காட்டினாள், பையைக் காட்டினாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நான் உதறிக்கொண்டு ஓடிவந்தேன். பைக்கில் ஏறி உட்கார்ந்து, "கெளப்புங்க மாமா, கெளப்புங்க!" என்றேன்.

பாதி வழியில்தான் விஷயம் தெரிந்து மாமா வண்டியை நிறுத்தினார். "அடிப்பாவி, அது புள்ள பெத்த வீடு. யாரும் உள்ள வரக்கூடாதுன்னுதான் கெளைய தொங்கவிடுவாங்க. செருப்போட போனா தாய்ப்பால் செருப்புல ஒட்டிக்கிட்டுப் போயிடும்னு நம்புறவங்க."

"எனக்கு யாரு சொன்னா?"

"சொல்லத்தான் அந்தம்மா கையப் புடிச்சிருக்கு. இருந்து, உன் கையால தண்ணி காய்ச்சி அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் குடுத்துட்டு வந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். எதுக்கு ஓடின?"

நானா ஓடினேன்? கால்தான் ஓடியது.

பத்து நாளில் வந்துவிடுவேன். நேரில் நடித்தே காட்டுகிறேன்.

லியூ


நோங் ஹெட், பஸ் நிறுத்தம்
30 அக்டோபர்

அக்கா,

நீ சுகமா என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதம் வருகிற பஸ்ஸில் நான் வரவில்லை.

நேற்று சோங் நடந்தே வந்தான். மழையில் பாதை உடைந்து பைக் போகாது. மாமா வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றான், எதுவும் கேட்காமல். நான்தான் பொறுக்காமல் கேட்டேன்.

"என்ன வேணும்?"

"எடுத்துட்டுப் போனத திருப்பிக் குடு."

"நான் எதையும் எடுக்கல."

"வேணும்னு எடுத்தேன்னு யாரு சொன்னா? உனக்குத் தெரியாமலே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அஞ்சு நாளா பால் இல்ல. அதே செருப்போட வந்து, உன் கையால தண்ணி காய்ச்சிக் குடுக்கணும். பால் வர்றவரைக்கும் இருக்கணும்."

"நாளைக்கு எனக்கு பஸ்ஸு. எங்கக்காவுக்குப் பிரசவம்."

அவன் தலையாட்டினான். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

மாமா சொன்னார்: "நீ பஸ் ஏறு. நான் ரெண்டு கோழியோட போயி பேசிச் சமாளிக்கிறேன். நீதான் இதையெல்லாம் நம்புறவ இல்லையே." சரி என்றேன். காலையில் பஸ்ஸிலும் ஏறிவிட்டேன் அக்கா, ஜன்னலோரச் சீட். சோங் கீழே நின்றுகொண்டிருந்தான். ஊருக்குத் திரும்ப வேண்டியவன் ஏன் நிற்கிறான் என்று எரிச்சலில் ஜன்னலைத் திறந்து, "குழந்தை ரொம்ப அழுவுதா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அழுதுச்சு. முந்தாநாள்லேருந்து அழறதில்ல. நல்லாத் தூங்குது."

பால் இல்லாத குழந்தை அழாமல் தூங்கினால் அது தூக்கம் இல்லை. இரண்டு வருஷம் படித்ததில் இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை.

இறங்கிவிட்டேன். லோக் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். "ஏறுவியா மாட்டியா, வாந்தி எடுக்காமலே எறங்குறியே!" என்கிறார். பஸ் கதவில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே போய்விடு. வலி வரட்டும் என்று காத்திருக்காதே. திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

லியூ


தோ லுவாங்
8 நவம்பர்

லியூ,

நான் நலம். இதற்கு மேல் நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்தேன். மறுநாள் ஒட்டிப் படித்தேன். ஒரு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். யாரோ பெற்ற பிள்ளைக்கு இறங்கிப் போனவள் எனக்கு வரவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதேன். அவள், "அங்க போனவ இங்கயும் வருவா, விடு" என்றாள். அவள்மேலும் கோபம் வந்தது.

கேள். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. தேதி கடந்து ஆறு நாள். திங்கட்கிழமை வரை பார்க்கலாம், அதற்கு மேல் வின் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார்கள். வலியும் இல்லை. ராட்சசி மாதிரி சாப்பிடுகிறேன்.

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?

அக்கா


எல்லைச் சாவடி
10 நவம்பர், திங்கள்

அக்கா,

சுகமா? இதை நீ படிக்கும்போது அது எனக்கே தெரிந்திருக்கும். ஏனென்றால் இந்தக் கடிதமும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறோம். சாவடியில் முத்திரை குத்துகிறவன் சாப்பிடப் போயிருக்கிறான். உட்கார முடியவில்லை, பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நின்றபடி எழுதுகிறேன், கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தக் குழந்தை பிழைத்தது. போனபோது உதடு காய்ந்து, தொட்டால்கூடச் சிணுங்காமல் கிடந்தது. சோற்றுக் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார்கள். பா சுவாவுக்கு மார்பு கல்லாகக் கட்டி, தொட்டால் சுட்டது. காய்ச்சல். மீ என்னை எதுவும் தொட விடவில்லை. முதலில் ஓடையில் நானே தண்ணீர் எடுத்துவர வேண்டும், நானே விறகு வைக்க வேண்டும், அதே செருப்போடு நின்று நானே கிண்ணத்தை நீட்ட வேண்டும். எல்லாம் செய்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பா சுவா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சோங் சொன்னான்: "அன்னைக்கு எவ்ளோன்னு கேட்டியே, இன்னும் வாங்கிக்கிற எண்ணம் இருக்கான்னு கேக்குறா."

சிரித்துவிட்டேன். மீயும் சிரித்தாள். அதற்கப்புறம் என்னைத் தொட விட்டாள்.

மிச்சத் தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். எப்படி அழுத்தி எடுக்க வேண்டும், பிள்ளையை எப்படிப் பிடித்தால் வாய் சரியாகக் கவ்வும் என்று நான் சொல்லச் சொல்ல, சோங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மொழிபெயர்த்தான். அவன் காது இரண்டும் மிளகாய்ப்பழம். எடுத்ததை ஸ்பூனில் பிள்ளைக்கு ஊட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காய்ச்சல் ஏறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கியே ஆக வேண்டும் என்று சோங்கிடம் சொல்லி, மூங்கில் தூளிகூடக் கட்டவைத்தேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் பிள்ளை தானாகக் குடித்தது. குடித்துவிட்டு வீறிட்டது பார், கோழியெல்லாம் வெளியே ஓடின.

மீ சொன்னதைச் சோங் எனக்குச் சொன்னான்: "கொண்டாந்து குடுத்துட்ட. இனிமே நீ போகலாம்." பாலைக் கொண்டுவந்தது தண்ணீரா துணியா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று மாலை கீழே வந்தேன். உன் கடிதம் காத்திருந்தது.

இனி எழுதப்போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கூடவே வந்தும் கடிதமாகத் தருகிறேன்.

பிப்ரவரியில் போர் அடிக்கவில்லை. பிரசவ அறையில் ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கா என்று பெயர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பிள்ளை நீலமாக வந்தது. அழவில்லை. பெரிய மருத்துவச்சி, "ஓடிப்போயி டாக்டரக் கூட்டிட்டு வா" என்றார். அந்தப் பெண் கையை விடவில்லை, நான் உதறினேன். வராண்டாவில் டாக்டரிடம் சொன்னேன். அவர் உள்ளே ஓடினார். நான் திரும்பிப் போகவில்லை அக்கா. படியிறங்கி, கேட்டைத் தாண்டி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை அழுததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பது மாசமாக யாரையும் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்றுதான் மலை ஏறினேன். உனக்குப் பக்கத்தில் நிற்பதற்கும் அதனால்தான் பயம். நீ என் கையைப் பிடிப்பாய், நான் உதறிவிட்டால்?

உன் பிள்ளை பிறந்த பிறகு ஆற்றைக் கடந்து அந்தப் பெண் வீட்டுக்குப் போகப்போகிறேன். என்ன பதில் வந்தாலும். அதைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

முத்திரைக்காரன் பல் குத்திக்கொண்டு வருகிறான். லோக் அண்ணன் சீட்டுக்குப் பின்னால் எனக்குப் பாலித்தீன் பை கட்டியிருக்கிறார், நான்கு.

வாசலில் இதை உன் கையில் கொடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ உட்கார்ந்து மெதுவாகப் படி. பாதியில் வலி வந்தால் கடிதத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிடு.

லியூ